மொய் நோட்டைத் தூக்கி எறியாதீர்கள்!

உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சொல்லுங்கள், பார்க்கலாம். ஒரு பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. ஏனென்றால், உங்களுக்குக் கொள்ளுப்பாட்டிகள் நான்கு பேர். நால்வரின் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் சொல்ல முடியுமா? வகுப்பில் ஐந்து பேர் தேறினாலே ஆச்சரியம்தான்.

அசோகரின் பாட்டனார் சந்திரகுப்த மௌரியர் என்பது நமக்கு மனப்பாடம். நம் வீட்டுக் கதையோ பாடப்புத்தகத்தில் இல்லை. ஆகவே அது வரலாறே அல்ல என்று நினைத்துவிடுகிறோம். இது தவறான எண்ணம் என்பது என் கருத்து. குடும்ப வரலாறு எழுதுவது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. சான்று தேடி, எடைபோட்டு, முடிவுக்கு வரும் நல்ல அறிவியல் பயிற்சி அது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் அதைச் செய்ய வேண்டும்.

போடிநாயக்கனூரையும் அதற்கு மேலே உள்ள ஏலமலைச் சரிவுகளையும் எடுத்துக்கொள்வோம். போடி இருப்பது தமிழ்நாட்டில். போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பல குடும்பங்களில் பாட்டி பிறந்தது மலையில், வாழ்க்கைப்பட்டது போடியில். அன்று மலைப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. போடியோ சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது மலைப்பகுதி கேரளத்தோடு நின்றது. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. 1996-ல் மதுரையிலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. ஆகவே, ஒரே குடும்பத்தின் காகிதங்களை மூன்று மாவட்டங்களில், இரண்டு மொழிகளில் தேட வேண்டியிருக்கும்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மலையில் வேலை பார்த்த தாத்தா, "தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் நான் கைக்குழந்தை" என்று சொல்லியிருப்பார். 1999-ல் அப்படி என்ன வெள்ளம் என்று குழம்ப வேண்டாம்! அது கொல்லம் ஆண்டு 1099. சனவரி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையுள்ள நாளாக இருந்தால் கொல்லம் ஆண்டோடு 825-ஐயும், அதற்குப் பிந்திய மாதங்களாக இருந்தால் 824-ஐயும் கூட்டுங்கள். வெள்ளம் வந்தது சூலையில். ஆகவே 1099 + 825 = 1924. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற சிறு இரயில் பாதையை அழித்தது அந்த வெள்ளம்தான். அதே ஆண்டைப் போடியில் இருந்தவர் 'ரக்தாட்சி வருஷம்' என்பார். தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1984-ம் ரக்தாட்சிதான். எந்த ரக்தாட்சி என்பதைப் பிற சான்றுகளைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, சான்றுகள் எங்கே இருக்கின்றன? பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சென்னை மாகாணத்தில் 1899-லேயே சட்டம் வந்தது. இன்றுள்ள மத்தியச் சட்டம் 1969-ல் இயற்றப்பட்டது. ஆனால், பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயரே இராது. தந்தை பெயரும் 'ஆண்' அல்லது 'பெண்' என்ற சொல்லுமே இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்களில் தந்தை பெயர், ஊர், பாகப்பிரிவினை எல்லாம் கிடைக்கும். ஆனால் நிலம் இருந்தவர்களுக்கு மட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உதவாதா? அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் வீடுவாரியான தாள்களை மக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-ல் வெளியாயின. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிமனிதர் விவரங்கள் இரகசியம். அந்தக் கதவு நமக்கு இல்லை.

ஆனால், நம் வீட்டுப் பெட்டியிலேயே வேறொரு கதவு இருக்கிறது. அதுதான் மொய் நோட்டு! கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தவர் யார், எந்த ஊர், என்ன செய்தார் என்று வரிசையாக எழுதிய நோட்டு. தாய்மாமன் செய்முறை முதலில் வரும். ஆகவே, மற்றக் காகிதங்கள் மறந்துவிடுகிற தாய்வழிச் சொந்தம் அதில் பளிச்சென்று தெரியும். குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரி நோட்டு பங்காளிகளைக் காட்டும். மொய் நோட்டோ மாமன் மச்சான்களையும் காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவு வலையின் பெரும்பகுதி விரியும்.

கிடைத்ததையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி அச்சடித்தாற்போல் இருக்கும். ஆனால், தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று ஆசிரியர் முடிவுசெய்த காலம் அது. தேதி துல்லியமாக இருப்பதாலேயே உண்மையாகிவிடாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு வந்துகொண்டே இருக்கும். எந்தக் கருப்பையா என்று தெரியாமல் எழுதினால் முப்பது, நாற்பது ஆண்டு தவறிவிடும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது, எந்தக் காகிதம்' என்று குறித்து வையுங்கள். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

இதில் உயிரியலும் உண்டு. தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு, அப்பாவின் அப்பாவே அம்மாவின் தாத்தாவும் ஆவார். ஒரே ஆள் மரத்தில் இரண்டு கிளைகளில் உட்கார்ந்திருப்பார்! அந்தக் குழந்தையிடம் ஏதாவது ஒரு ஜீனின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 8-ல் 1. அத்தை மகனை மணந்தவரின் குழந்தைக்கு 16-ல் 1. இதனால் நோய் வந்தே தீரும் என்று பொருள் அல்ல. ஆனால், பரம்பரை நோய் ஒன்று குடும்பத்தில் இருந்தால், சரியாக எழுதிய வம்சாவளியை மருத்துவர் ஒரு முக்கியச் சான்றாக எடுத்துக்கொள்வார்.

"வம்சாவளி எழுதினால் சாதிப் பெருமைதானே வளரும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கணக்கு அந்தப் பெருமைக்கு இடம் தருவதில்லை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் மூதாதையர் இடங்கள் 1024. இருபது தலைமுறையில் பத்து இலட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் ஒரே தெருவில் இருந்திருக்க முடியுமா? ஐதராபாத் அறிவியலாளர்களும் அமெரிக்க அறிவியலாளர்களும் 2013-ல் வெளியிட்ட மரபணு ஆய்வு, ஏறத்தாழ 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்திய மக்களிடையே பரவலான கலப்பு நடந்தது என்று காட்டியது. கலப்பில்லாத பரம்பரை என்பது வெறும் கற்பனை.

உண்மையான அநீதி வேறொன்று. பாளையக்காரர்களின் வம்சாவளிகளைக் காலின் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்கார அதிகாரி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே திரட்டினார். அவை சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் பத்திரமாக உள்ளன. விடியுமுன் ஜீப்பில் ஏறி, மெட்டைக் கடந்து ஏலத்தோட்டத்தில் காய் பறித்துவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெண்ணுக்கு என்ன பதிவு இருக்கிறது? நாள்கூலிக்காரரின் பெயர் கணக்கு நோட்டில் ஒரு வாரம் இருக்கும். நோட்டு தீர்ந்தால் பெயரும் தீர்ந்தது. அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை வயதில் மலையேறினார் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவரோடு அது போய்விட்டால் எந்த அலுவலகத்திலும் திரும்பக் கிடைக்காது. அதைக் கேட்டு எழுதக்கூடியவர்கள் அவருடைய பேரன் பேத்திகளான நீங்கள்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். வருடத்தைக் கேட்காதீர்கள், வெள்ளம், பஞ்சம், போடிக்கு முதல் இரயில் வந்த 1928 போன்ற நிகழ்ச்சிகளைச் சொல்லி, "அதற்கு முன்பா, பின்பா?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்தாதீர்கள். அவர் அனுமதியின்றிப் பிறருக்குக் காட்டாதீர்கள். பெண்களின் பெயர்களை ஆண்களின் பெயர்களுக்குச் சமமாக எழுதுங்கள். பரண் மேல் கரையான் அரிக்கும் மொய் நோட்டு இருந்தால், பழைய பேப்பர்க்காரர் வருவதற்குள் கீழே இறக்கிவிடுங்கள்.