நாலு பந்தை விட்டவன்

ரிம் றெயின்ஸ் கடைசியாக மட்டை பிடித்தது 2002இல். 2008 ஜனவரியில் பேஸ்போல் புகழரங்கத்துக்கான வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது 24.3 வீதம். அடுத்த வருடம் அதுவும் குறைந்து 22.6. பிறகு 2017இல் 86.0 வீதம். இந்த ஒன்பது வருடத்தில் அந்த மனிதர் ஒரு பந்தைக்கூட அடிக்கவில்லை, ஒரு பேஸைக்கூடக் களவெடுக்கவில்லை. அவருடைய கணக்கில் ஒரு இலக்கம் மாறவில்லை. மாறியது வாக்குப் போட்ட பத்திரிகைக்காரர்கள். இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களை நிம்மதியாக இருக்கவிடாமல் இணையத்தில் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்த ஒரு கூட்டம்தான் மாற்றியது.

அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று சொல்லவேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் பேஸ்போல் சொல்லவேண்டும். எங்கட ஆட்களுக்கு இந்த விளையாட்டு என்றாலே கொட்டாவி. "மூண்டு மணித்தியாலம் நிக்கிறாங்கள், ஒருத்தனும் ஓடக் காணேல்லை" என்று என் மச்சான் ஒருவர் ரொறொன்ரோ மைதானத்தில் இருந்து எழும்பி வெளிக்கிட்டே போய்விட்டார். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது விளங்காத விளையாட்டு அல்ல. கணக்கைக் கொஞ்சம் தலைகீழாகப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

துடுப்பாட்டக்காரனுக்கு எட்டாத இடத்தில் நாலு பந்து போட்டால் அவன் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். இதைத்தான் 'வோக்' என்பார்கள். ஒரு அணிக்கு இருப்பது 27 ஆட்டமிழப்புகள். அது முடிந்தால் விளையாட்டு முடிந்தது. ஆகவே ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போகிறவன் எப்படிப் போனாலும் அணிக்கு அது லாபம். அடித்துப் போனால் கூடுதல் லாபம், நடந்து போனாலும் லாபம்தான். ஆனால் நூறு வருடத்துக்கு மேலாகப் பத்திரிகையில் போட்ட சராசரியில் இந்த நடை சேர்க்கப்படவில்லை. அடித்ததை மட்டும்தான் எண்ணினார்கள்.

ஏன் என்று தேடிப் பார்த்தால் அங்கே நிற்பது ஒரு கிரிக்கெட்காரர். ஹென்றி சட்விக். 1824இல் இங்கிலாந்தின் எக்சிற்றரில் பிறந்து, சிறுவயதில் நியூயோர்க்குக்கு வந்து, அங்கே கிரிக்கெட் செய்தி எழுதி, பிறகு பேஸ்போலில் மயங்கி, அதற்கு ஓட்டப் பட்டியல் அமைத்துக் கொடுத்தவர். வோக் என்பது பந்துவீச்சாளர் விட்ட பிழை, அதில் துடுப்பாட்டக்காரனுக்கு என்ன பெருமை என்பது அவர் நினைப்பு. எங்களுக்கு இது உடனே பிடிபடும். வைட் பந்தில் வருகிற ஓட்டத்தை நாங்கள் உதிரிகள் என்று கீழே ஒரு மூலையில் போடுகிறோம் அல்லவா, அதே மனசுதான். 1887இல் ஒரே ஒரு வருடம் வோக்கையும் அடியாகவே கணக்கெடுத்துப் பார்த்தார்கள். எல்லாருடைய சராசரியும் எகிறியது, அடுத்த வருடமே கைவிட்டுவிட்டார்கள். பிறகு எத்தனையோ தலைமுறை, பொறுமையாக நின்று பந்தை விடத் தெரிந்தவன் எல்லாம் உதிரிக் கணக்கில் போய்ச் சேர்ந்தான்.

1970களில் கன்சாஸில் பன்றி இறைச்சியும் அவரையும் தகரத்தில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர் பில் ஜேம்ஸ். இரவில் வேறு வேலை இல்லாததால் பழைய ஓட்டப் பட்டியல்களை வைத்துக் கணக்குப் போட்டார். 1977இல் தானே அச்சடித்து விற்ற முதல் புத்தகத்துக்குக் கிடைத்த வாசகர்கள் எழுபத்தைந்து பேரளவில்தான். (எங்கள் சிற்றிதழ்க்காரருக்கு இந்த எண்ணைக் கேட்டால் கண் கலங்கும்.) அடித்த சராசரியை விட, எத்தனை தடவைக்கு எத்தனை தடவை ஆட்டமிழக்காமல் பேஸுக்குப் போனான் என்பதுதான் ஓட்டங்களோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்பதை அவரும் அவரைப் போன்றவர்களும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் பழைய ஆட்டக்காரர்களின் வரிசையே குழம்பிவிடும்.

றெயின்ஸின் கதையில் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. மறைந்த ரொனி குவினை எடுத்துக்கொள்ளுங்கள். சான் டியேகோவின் மகா ஆட்டக்காரர். 3141 அடிகள், சராசரி .338. முதல் வாக்கெடுப்பிலேயே 2007இல் 97.6 வீதத்தோடு உள்ளே போனார். ஒருவருக்கும் ஆட்சேபனை இல்லை, எனக்கும் இல்லை. றெயின்ஸுக்கு 2605 அடிகள், சராசரி .294. பார்த்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இப்போது வோக்கைச் சேருங்கள். குவினுக்கு 790, றெயின்ஸுக்கு 1330. பந்து உடம்பில் பட்டுப் போனதையும் சேர்த்தால் குவின் வாழ்நாளில் பேஸுக்குப் போனது 3955 தடவை, றெயின்ஸ் 3977 தடவை. இருவருக்கும் கிடைத்த சந்தர்ப்பங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒருவர் 97.6, மற்றவர் 24.3.

அங்கே போன பிறகு றெயின்ஸ் சும்மா நிற்கவும் இல்லை. 808 பேஸ் களவெடுத்தார், எல்லாக் காலத்திலும் ஐந்தாவது இடம். பிடிபட்டது 146 தடவை மட்டும். அதாவது 84.7 வீதம் வெற்றி. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கணக்குக்காரருக்குக் களவு பிடிக்காது. கையில் இருக்கிற ஒரு ஆட்டமிழப்பைச் சூதில் வைப்பது என்பார்கள். நூற்றுக்கு எழுபதுக்குக் கிட்டத் தப்பத் தெரியாதவன் ஓடவே வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. அப்படிப்பட்டவர்கள் தலையில் தூக்கிவைத்தது ஒரு கள்ளனை! ஏனென்றால் இந்தக் கள்ளன் கணக்குத் தெரிந்த கள்ளன். மறைந்த றிக்கி ஹென்டர்சன் 1406 களவெடுத்தார், அந்த எண்ணை இனி யாரும் தொடப்போவதில்லை. ஆனால் அவர் பிடிபட்டது 335 தடவை. வீதத்தில் றெயின்ஸ்தான் மேலே. ஹென்டர்சன் விளையாடிய அதே காலத்தில், அதே மாதிரி முதலாவதாக இறங்கி விளையாடியதுதான் றெயின்ஸின் துரதிர்ஷ்டம். இரண்டாவது சிறந்தவனை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

இன்னொரு காரணம், அவர் விளையாடிய ஊர். மொன்றியல்.

நான் அந்த ஊருக்கு வந்து இறங்கிய காலத்தில் எங்கட பொடியளில் முக்கால்வாசிப் பேருக்கு முதல் வேலை கோப்பை கழுவுறது. எனக்கும் அதுதான். குசினியில் ஒரு பழைய ரேடியோ, பிரெஞ்சில் ஜாக் டூசே வர்ணனை. சமையற்காரன் ஒரு கியூபெக்காரன், எக்ஸ்போஸ் விளையாட்டு நடந்தால் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. என்னுடைய முதல் பிரெஞ்சுச் சொற்கள் வகுப்பில் படித்தவை அல்ல. 'பூ வொலே' என்றால் களவெடுத்த பேஸ். 'கூ டு சிர்க்வி' என்றால் ஹோம் ரன். 'பூ சுர் பால்' என்றால் வோக். கடைசியாகச் சொன்னதற்குச் சமையற்காரன் தலையைக்கூடத் திருப்பமாட்டான்.

1987 மே 2, சனிக்கிழமை. அதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். 1986இல் றெயின்ஸ் .334 அடித்து லீக்கிலேயே முதலாவது. ஒப்பந்தம் முடிந்து யாரிடமும் போகலாம் என்ற நிலை. இருபத்தேழு வயது, உச்ச நிலை. ஆனால் ஒரு அணியும் மரியாதையான விலை கேட்கவில்லை. முதலாளிமார் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள், மற்றவனின் ஆட்டக்காரனை நாங்கள் எடுப்பதில்லை என்று. அப்போதைய விதிப்படி பழைய அணிக்கும் மே 1 வரை திரும்ப முடியாது. வசந்தகாலப் பயிற்சி முழுக்கப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் எக்ஸ்போஸுக்கே திரும்பி வந்து, பயிற்சி இல்லாமல், மறுநாள் நியூயோர்க்கில் மெற்ஸுக்கு எதிராக இறங்கினார். ஐந்தில் நாலு அடி. அதில் ஒன்று மூன்று பேஸ் அடி. பத்தாவது இன்னிங்ஸில் பேஸ் எல்லாம் நிரம்பியிருக்க ஒரு ஹோம் ரன். 11-7. எங்கள் குசினியில் ஒரு சட்டி கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுக்கவில்லை. (அன்றைய பட்டியலில் றெயின்ஸின் பெயருக்கு நேரே ஒரு வோக்கும் இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.)

அந்த முதலாளிமார் கூட்டுச் சதி செய்தது உண்மை என்று நடுவர்கள் பிறகு தீர்த்தார்கள். 1990இல் 280 மில்லியன் டொலர் கட்ட உடன்பட்டார்கள். விலை பேச வழியில்லாதவனுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பது, கையில் காகிதம் இல்லாமல் காசுக்கு வேலை செய்த எங்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அந்தக் கோடையில் மணித்தியாலத்துக்குச் சட்டம் சொன்னதை விடக் குறைவாகத்தான் தந்தார்கள். ஆனால் லீக்கிலேயே முதலாவதாக அடித்தவனுக்கும் அதே விளையாட்டு விளையாடுவார்கள் என்பது எனக்கு அப்போது புதினமாக இருந்தது.

கொக்கெய்ன் விஷயத்தையும் மறைக்கக்கூடாது. 1982இல் அவர் அதற்கு அடிமையாக இருந்தார், பிறகு சிகிச்சைக்குப் போய் மீண்டார். 1985இல் பிற்ஸ்பேர்க் வழக்கில் சாட்சி சொன்னபோது, பின் பொக்கற்றில் இருந்த குப்பி உடையாமல் இருக்கத் தலையை முன்னால் விட்டுச் சறுக்கினேன் என்று தானே சொன்னார். அந்த ஒரு வசனம் முப்பது வருடம் அவரைத் துரத்தியது. வாக்குப் போடாதவர்களில் சிலருக்கு அதுவும் காரணம். ஆனால் அவர் ஒளிக்கவில்லை, திரும்பவும் அதில் விழவில்லை. 1999இல் லூப்பஸ் வந்து சிறுநீரகத்தைத் தாக்கியது. அதற்குப் பிறகும் 2001இல் மறுபடி விளையாட வந்து, அந்த ஒக்ரோபரில் பால்ரிமோர் அணியில் சொந்த மகனோடு ஒரே வெளிக்களத்தில் நின்றார்.

இப்போது என் முறைப்பாடு. கணக்குக்காரரைக் கொண்டாடுகிறவர்கள் எல்லோரும் 'மணிபோல்' கதையைத்தான் சொல்வார்கள். 2003இல் மைக்கல் லூயிஸ் எழுதிய புத்தகம் நல்ல புத்தகம்தான். 2011இல் வந்த படத்தைப் பார்த்தால் 2002இல் ஓக்லண்ட் அணி 103 வெற்றி எடுத்தது வோக் எடுக்கத் தெரிந்த ஸ்கொற் ஹற்றபேர்க்கால் என்று நினைப்பீர்கள். அதே வருடம் லீக்கின் மிகப் பெறுமதியான ஆட்டக்காரர் விருது பெற்ற மிகெல் தெஹாதாவும், சிறந்த பந்துவீச்சாளர் விருது பெற்ற பரி சீற்றோவும் அதே அணியில்தான் இருந்தார்கள்! குறைத்து மதிக்கப்பட்டவனைக் கண்டுபிடிக்கும் வித்தை என்று சொல்கிறோம். முதலாளி அகராதியில் அதற்குப் பெயர் மலிவாக வாங்குகிற வித்தை. ஒருவனுடைய உண்மையான பெறுமதி கணக்குப் போட்டவனுக்குத் தெரியும், விற்கிறவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் லாபம். இன்றைக்கு எல்லா அணிகளிடமும் கணக்குக்காரர் பட்டாளம் இருக்கிறது, அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் ஆட்டக்காரர் அல்ல.

றெயின்ஸுக்காக வாதாடியவர்கள் அந்த வகை அல்ல. அவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிற ஒருவருக்காகப் பத்து வருடம் அட்டவணை போட்டார்கள். 2014இல் புகழரங்கம் பெயர் பட்டியலில் இருக்கும் காலத்தைப் பதினைந்திலிருந்து பத்து வருடமாக வெட்டியபோது அவசரம் இன்னும் கூடியது. 2015இல் 55.0. 2016இல் 69.8. தேவை 75. 2017 அவருக்குக் கடைசி வருடம். தப்பினார். கூப்பர்ஸ்ரவுனில் அவருடைய தகட்டில் எக்ஸ்போஸ் தொப்பி. 2004க்குப் பிறகு அந்த அணியே கிடையாது, வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

றெயின்ஸ் உள்ளே போனதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் லூ விற்றேக்கரைப் பார்க்கவேண்டும். டிற்றொயிற் அணிக்கு 1977 தொடக்கம் 1995 வரை இரண்டாம் பேஸ். 2369 அடிகள், 1197 வோக், 244 ஹோம் ரன், மூன்று தங்கக் கையுறை. ஒரு சாதாரண மாற்று ஆட்டக்காரனை விட எத்தனை வெற்றி கூடத் தந்தான் என்று போடுகிற கணக்கில் 75 அளவில் வருகிறார். அவருக்குப் பக்கத்தில் நின்ற அலன் ரமெலும் அவரும் 1977 செப்ரெம்பரில் ஒரே நாளில் அறிமுகமானவர்கள். ரமெலுக்கு அதே கணக்கில் வருவது 70 அளவில்தான். ரமெலை 2018இல் சேர்த்தார்கள். விற்றேக்கருக்கு 2001இல், முதல் வருடமே, 2.9 வீதம். ஐந்துக்குக் கீழே போனால் பெயரே வெட்டப்படும். வெட்டினார்கள். 2019 டிசம்பரில் ஒரு குழு மறுபடி பார்த்தது. 16 பேரில் 12 பேர் வேண்டும், 6 பேர் கை தூக்கினார்கள்.

அவருக்காகவும் ஆட்கள் எழுதுகிறார்கள். ஆனால் சத்தம் போதாது. விற்றேக்கர் அதிகம் கதைக்காத மனிதர், பத்திரிகைக்காரரோடு குலாவத் தெரியாதவர். 1985இல் மினியாபொலிஸில் நடந்த நட்சத்திர ஆட்டத்துக்கு உடுப்பைக் கொண்டுவர மறந்து, மைதானத்துக் கடையில் ரசிகர்களுக்கு விற்கிற சட்டை ஒன்றை வாங்கி, முதுகில் மார்க்கரால் 1 என்று எழுதிப் போட்டுக்கொண்டு விளையாடினார். அந்தச் சட்டை பிறகு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டையின் சொந்தக்காரருக்குக் கூப்பர்ஸ்ரவுனில் இன்னும் தகடு இல்லை.