துத்தநாகப் படலமும் நேத்து மிச்சமான மருந்தும்

மக்களே, இது ஒரு புலம்பல் பதிவு. நடுவுல கொஞ்சம் கெமிஸ்ட்ரி வரும், ஓடிடாதீங்க.

"நானோ, தின் ஃபிலிம்னு நம்மூர்ல நடக்கிற ஆராய்ச்சி எல்லாம் பேப்பர் போடவும் பிஹெச்டி வாங்கவும்தான், ஊருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது" - இந்த நக்கல் நம்ம பதிவர் வட்டத்துல ரொம்ப சகஜம். பாதி உண்மைதான். குறைக்கடத்திப் படலம் பற்றின கட்டுரைன்னா, கடைசியில "சூரிய மின்கலம், ஒளிமின் கருவி, வாயு உணரிக்கு உகந்தது"ன்னு ஒரு வரி இருக்கும். கருவி மட்டும் வராது. ஆனா குத்தம் முழுக்க லேப்லதான்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஏறுது.

தஞ்சாவூர் சாஸ்த்ராவுல ஜான் போஸ்கோ பாலகுரு ராயப்பன் குழு 2013ல ஒரு வேலை வெளியிட்டாங்க. துத்தநாக ஆக்சைடை சூடான கண்ணாடி மேல தெளிச்சு நானோ படலம் ஆக்கி, அதால அம்மோனியாவைக் கண்டுபிடிக்கிறது. படலத்தோட மேற்பரப்புல ஒட்டியிருக்கிற ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைப் பிடிச்சு வச்சிருக்கும். அம்மோனியா வந்து அந்த ஆக்சிஜனோட வினைபுரிஞ்சதும் எலெக்ட்ரான் திரும்ப வரும், மின்தடை இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம். முக்கியமான விஷயம், இது அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யுது. வழக்கமான வெள்ளீய ஆக்சைடு உணரியை இருநூறு முன்னூறு டிகிரிக்கு சூடாக்கணும். மருந்து அறைக்குள்ள ஹீட்டரா? நினைச்சாலே குலை நடுங்குது.

"அம்மோனியாவுக்கும் சிவகாசிக்கும் என்னய்யா சம்பந்தம்?" இருக்கு. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்துல ஈரம் பட்டா உள்ளுக்குள்ளேயே மெல்ல வினை நடக்கும். சூடு ஏறும், அம்மோனியா வாடை வரும். அதைத் தடுக்கத்தான் போரிக் அமிலம் சேர்க்கிறது. நேத்து மிச்சமான மருந்தை ராத்திரி அப்படியே வச்சுட்டுப் போய், காலையில கதவைத் திறந்து கை வைக்கிறவர்தான் அதுக்கு பலி.

ஜப்பானைப் பாருங்க. வீட்டு கேஸ் கசிஞ்சு வெடிக்குதுன்னு தகுச்சி 1962லேயே வெள்ளீய ஆக்சைடு உணரிக்கு காப்புரிமை கேட்டார், 1969ல கம்பெனியே வந்துடுச்சு. ஆபத்து எங்கயோ அங்க உணரி போச்சு.

இங்க? 2012 முதலிப்பட்டியில முப்பதுக்கும் மேல, 2021 அச்சங்குளத்துல இருபதுக்கு கிட்ட. ஒவ்வொரு தடவையும் நிவாரணம், விசாரணை, அடுத்த தீபாவளி. அதே சமயம் டெல்லி காத்து கெட்டுப் போச்சுன்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2019லேயே நாக்பூர் நீரி பசுமைப் பட்டாசு ஃபார்முலாவோட வந்து நின்னுச்சு. ஆக, கேட்டா லேப் செய்யும். டெல்லி மூக்குக்கு கேட்டோம், சாத்தூர் உசுருக்கு கேக்கலை. ஆலை முதலாளிகள் சங்கம் கேட்டிருக்கணும், அரசாங்கம் கேட்டிருக்கணும். நாமளும்தான், தின் ஃபிலிமை நக்கல் அடிக்கிற நேரத்துல.

"சென்சார் வச்சா உள்குத்தகை நின்னுடுமா, ஒரே அறைக்குள்ள பத்து பேரை அடைக்கிறது நின்னுடுமா?"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். நிக்காது. உராய்வுல வர்ற தீயையும் இது தடுக்காது. பேட்டரியில ஓடுற, பொறி கிளப்பாத சர்க்யூட் வேணும், அலுமினியத் தூசு படிஞ்சா தாங்கணும், ஈரப்பதத்துல பொய் அலாரம் அடிக்கக் கூடாது. இதெல்லாம் நிஜமான சிக்கல்கள். அதனாலதான் சொல்றேன், கிருஷ்ணன்கோவில்லயே பொறியியல் பல்கலைக்கழகம் இருக்கு, காரைக்குடியில செக்ரி இருக்கு. அடுத்த பிஹெச்டி பையன் படலத்தை எக்ஸ்ரேயில வச்சு எடுக்கிறதோட நிறுத்தாம, காலி மருந்து அறை ஒண்ணுல ஒரு மழைக்காலம் முழுக்க மாட்டி வச்சு அளந்துட்டு வரட்டும்.

டிஸ்கி: பட்டாசையே தடை பண்ணுன்னு சொல்ற கட்சி தனியா வாங்க, அதுக்கு இன்னொரு பதிவு இருக்கு :-)