ஏ.ஐ. சொதப்புதா... இல்ல, நாம எழுதினது சொதப்பலா?

ஆன்லைன் துணிக்கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவையை ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் கவனிக்கிறது. "சட்டை கிழிஞ்சிருக்கு, 500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்க" என்று ஒருவர் சாட்டில் கேட்கிறார். ஏஜென்ட் உடனே ரீஃபண்ட் டூலை எடுக்கிறது. அந்த டூலுக்கு டெவலப்பர் எழுதிவைத்த விளக்கம் ஒரே வரி: 'ரீஃபண்ட் செய்யும்'. தொகையை நிரப்ப ஓர் இடம் இருக்கிறது. அது ரூபாயா, பைசாவா? எங்கேயும் எழுதவில்லை.

பைசாவில் கணக்கு வைக்கும் டூலுக்கு 500 என்று அனுப்பினால், வாடிக்கையாளருக்குப் போவது வெறும் 5 ரூபாய். ரூபாயில் கணக்கு வைக்கும் டூலுக்கு, 'பைசாவாத்தான் இருக்கும்' என்று 50,000 அனுப்பினால் கடைக்காரர் காலி!

கடை கற்பனை, குழப்பம் நிஜம். ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் சேவைகளில் ரூபாய்த் தொகையைப் பைசாவாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதை அவர்கள் தங்கள் டாக்குமென்டேஷனில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நம் அலுவலகங்களில் உருவாகும் டூல்களுக்கு அப்படி யாராவது எழுதுகிறோமா?

ஏஜென்ட் கண்ணுக்கு எது தெரியும்?

சாட்பாட் பதில் சொல்லும். ஏஜென்ட் வேலையையே செய்யும். மெயில் அனுப்ப, டேட்டாபேஸில் தேட, ஆர்டரை ரத்து செய்ய என ஒவ்வொன்றுக்கும் ஒரு டூல். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் மாடல்களுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், டூல்களையும் ஏ.ஐ.யையும் இணைக்க எம்.சி.பி. என்ற பொது விதிமுறையை வெளியிட்டது.

இதில் மாடலுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்: டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன விவரங்களை அனுப்ப வேண்டும் என்ற பட்டியல். உள்ளே ஓடும் புரோகிராம் அதன் கண்ணில் படாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்றால், "அண்ணா, இது ரூபாயா, பைசாவா?" என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார். பல டீம்களில் பாதி டாக்குமென்டேஷன் சீனியரின் தலைக்குள்தான் இருக்கிறது; மீதி, வாட்ஸ்அப் குரூப்பில். ஏஜென்ட்டுக்கு இரண்டுமே எட்டாது. விவரம் இல்லாத இடத்தில் அது ஊகிக்கும். அதையும் தயங்காமல் செய்யும்!

மாடலை மாத்தல... டூலை மாத்தினாங்க

2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் தன் அனுபவம் ஒன்றைப் பகிர்ந்தது. புரோகிராம் எழுதும் அவர்களது ஏஜென்ட், வேறொரு ஃபோல்டருக்குள் போன பிறகு ஃபைல்களின் இருப்பிடத்தைத் தப்பாகக் கொடுத்தது. காரணம், பாதி முகவரி. 'அடுத்த தெரு, இடது பக்கம்' என்றால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வீடு மாறிவிடும் அல்லவா? அதே கதைதான். முழு முகவரி கொடுத்தால்தான் ஏற்பேன் என்று டூலை மாற்றினார்கள். அந்தப் பிழை நின்றது. முக்கியமான பிராம்ப்ட்டைவிட டூல்களைச் சீராக்கவே அதிக நேரம் செலவிட்டதாகவும் சொன்னார்கள்.

என்ன எழுதணும்?

* இந்த டூலை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது? 'ஆர்டர் ரத்து', 'ஆர்டர் முடிப்பு' என இரண்டு டூல் இருந்தால், வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.
* அலகும் வடிவமும்: 05-06 என்பது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஓர் உதாரணம் போதும்.
* பிழைச் செய்தி: 'தவறான உள்ளீடு' என்றால் யாருக்கும் புரியாது. 'தேதியை 2025-06-05 என்ற வடிவில் கொடுக்கவும்' என்றால் ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ளும்.
* திரும்பப் பெற முடியாத வேலையா? அதைச் சொல்லுங்கள். கூடவே, மனிதர் ஒருவர் ஓகே சொன்னால்தான் டூல் ஓடும்படி வையுங்கள். எழுத்தை மட்டும் நம்பக் கூடாத இடம் இது.

அதற்காகப் பக்கம் பக்கமாகவும் எழுத வேண்டாம். டூல்கள் கூடக்கூட, ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டியதும் கூடும், செலவும் ஏறும்.

"மாடல் இன்னும் புத்திசாலி ஆயிடும், தானா புரிஞ்சுக்கும்" என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்கள் டூல் ரூபாயில் ஓடுகிறதா, பைசாவில் ஓடுகிறதா என்பது புத்திசாலித்தனத்தால் தெரிவதில்லை. யாராவது எழுதினால்தான் தெரியும்.

டாக்குமென்டேஷன் என்றாலே ரிலீஸ் முடிந்த பிறகு, நேரம் இருந்தால் பார்க்கும் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். இன்று அந்த ஒற்றை வரியை நம்பித்தான் ஒருவரின் பணம் நகர்கிறது. மேனேஜர்கள் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஒரு சின்ன டெஸ்ட்: நீங்கள் எழுதிய விளக்கத்தை வேறு டீமில் இருக்கும் நண்பரிடம் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்விகூட கேட்காமல் அந்த டூலை அவரால் சரியாகப் பயன்படுத்த முடிகிறதா? முடியவில்லை என்றால், ஏஜென்ட்டைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை பாஸ்!