தாத்தாவின் ரேடியோ

பரணில் தூங்கிய பழைய வால்வு ரேடியோவுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. ஒருகாலத்தில் இலங்கை வானொலியின் பாட்டுக்காக வீடே சுற்றி உட்கார்ந்த பெட்டி அது. இன்று தூசி தட்டிக் கூடத்தில் வைக்கிறார்கள். கடையில் விலை கொடுத்து வாங்குவோரும் உண்டு.

வைக்கட்டும். பார்க்க அழகுதான். ஆனால், "பாடுகிறதா, பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுகிறார்களே, அதுதான் ஆபத்து!

அறுபது ஆண்டு கிடந்த பெட்டியில் ஒயரின் ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிரும். கண்டன்சருக்குள் இருக்கும் காகிதம் ஈரத்தை இழுத்திருக்கும். எலியும் தன் பங்குக்குக் கடித்திருக்கும். இந்த வழிகளில் மின்சாரம் கசிந்து, உள்ளே எல்லாவற்றையும் தாங்கும் இரும்புத் தகட்டுக்கு வந்து சேரும். மெக்கானிக்குகள் அதைச் 'சேசிஸ்' என்பார்கள்.

ஏ.சி.-டி.சி. செட் என்று ஒரு வகை உண்டு. அந்த நாளில் சில ஊர்களில் ஏ.சி. மின்சாரம், சில ஊர்களில் டி.சி. இரண்டிலும் பாட வேண்டும் என்று டிரான்ஸ்பார்மர் இல்லாமலே அதைச் செய்தார்கள். மின்சார ஒயர்களில் ஒன்று நேராகச் சேசிசிலேயே சேர்ந்திருக்கும். இது பழுது அல்ல. செய்த விதமே அப்படி! இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால், 230 வோல்ட்டும் அந்தத் தகட்டில் நிற்கும். சில செட்டுகளில் ரேடியோவின் சுவிட்சை அணைத்த பிறகும் நிற்கும்.

மரப்பெட்டியும், பின்பக்க அட்டையும், குமிழ்களுமே அதற்குக் காவல். குமிழ் உடைந்து இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தால்? குழந்தையின் விரல் பட்டால் போதும்.

"லேசாகத்தானே ஷாக் அடிக்கிறது" என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். உடம்பில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் சுருக்கென்று இருக்கும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 50 மில்லி ஆம்பியர் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். காலில் செருப்பு இருந்ததால் நேற்று லேசாக அடித்தது. வீடு கழுவிய ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால், அதே ரேடியோ வேறு கணக்குச் சொல்லும்.

எர்த் கொடுத்தால் சரியாகிவிடுமா? டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஏ.சி.-டி.சி. செட்டின் சேசிசுக்குக் கொடுக்கவே கூடாது. பியூஸ் போகும், தீயும் பிடிக்கலாம். அந்தச் செட்டை ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் பாட வைக்க வேண்டும்.

வால்வு ரேடியோ தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால், அவர் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்ப்பார். பிளக்கின் பின்களுக்கும் வெளியே கைபடும் உலோகத்துக்கும் இடையே 1 மெகா ஓம் கூட இல்லையென்றால், கசிவு இருக்கிறது என்று பொருள். வீட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்துத் திருப்தி அடைவது வீண். இன்று எரியாத டெஸ்டர், பிளக்கைத் திருப்பினால் எரியும்! மூடியைக் கழற்றிக் கைவிடுவதும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவியை வீட்டில் வைப்பது நல்லது. ஆனால், இரண்டு ஒயரையும் ஒரே ஆள் தொட்டுவிட்டால், அந்தக் கருவிக்கு அது தெரியாது.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பெட்டிக்கு மெருகு ஏற்றச் செலவு செய்கிறார்கள். ஒயரை மாற்றக் கணக்குப் பார்க்கிறார்கள். எந்த வகைச் செட், கசிவு பார்த்தாயிற்றா என்று சீட்டு எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாத பெட்டியை வாங்குவோர், முதலில் பிளக்கை வெட்டி எடுத்துவிடலாம். கூடத்தில் அது அழகாகவே இருக்கும்.