கோழியின் உள்ளங்கால்

கோழி வளர்ப்போர் அதன் கொண்டையைப் பார்ப்பார்கள், இறகைப் பார்ப்பார்கள், முட்டையையோ தினந்தோறும் எண்ணிப் பார்ப்பார்கள். ஆனால் அதன் உள்ளங்காலைப் பார்ப்பவர் எத்தனை பேர்? உடலின் பாரம் முழுவதையும் தாங்கும் அச்சிறிய இடத்தில் தோன்றும் ஒரு வியாதியைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

நன்றாக மேய்ந்துகொண்டிருந்த பெட்டை ஒரு நாள் நொண்டுகிறது. அல்லது ஒற்றைக் காலைத் தூக்கியபடி மூலையில் நிற்கிறது. பிடித்துப் பார்த்தால் பாதத்தின் நடுவே வீக்கமும், அதன்மேல் கறுத்த பொருக்கும் காணப்படும். இதனைப் பாதக்கட்டி என்று சொல்லலாம். நெருஞ்சி முள்ளோ, கண்ணாடிச் சில்லோ, சொரசொரப்பான சிமெண்டுத் தரையோ தோலைச் சிறிது கீறிவிட்டால் போதும்; கிருமி உட்புகுந்துவிடும். பெரும்பாலும் அது ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியே. 1882-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்து ரண வைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன், அது குலைகுலையாக இருப்பதைக் கண்டு, திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். மனிதருக்கு வரும் கட்டிகளிலும் இதே கிருமியைக் காணலாம்.

“கட்டி என்றால் பிதுக்கிச் சீழை எடுத்துவிடலாமே, ஸார்!” என்று நம் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கோழிக்கு அது பொருந்தாது. மனிதரின் சீழ் நீராய் இளகி வடியும். அதை இளக்கும் பொருள் பறவைகளின் வெள்ளணுக்களில் இல்லாமையால், கோழியின் சீழ் பாற்கட்டிபோல் இறுகி உள்ளேயே தங்குகிறது. பிதுக்கினால் அது வெளிவராது. கிருமி ஆழப் பரவுவதே பலன். இதை அறியாமல் சவர பிளேடை எடுத்துக்கொண்டு உட்காருபவர்களும் உண்டு. பாதத்தில் நரம்பும், தசைநாரும், மூட்டும் நெருங்கி அமைந்துள்ளன. மரத்துப்போகும் மருந்தின்றி அறுப்பது வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் கொடுமை. கத்தி சற்றுத் தவறினால் கால் என்றைக்குமே ஊனமாகிவிடும்.

பின் வீட்டில் செய்யக்கூடியது யாது? வீக்கம் சிறிதாக இருக்கும் ஆரம்பத்தில் நிறையச் செய்யலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேஜைக்கரண்டி எப்ஸம் உப்பைக் கரைத்து, பத்து நிமிஷம் பாதத்தை அதில் வைத்திருக்க வேண்டும். அந்நீரைக் கோழி குடிக்கலாகாது, குடித்தால் பேதியாகும். பிறகு நன்கு துடைத்து, வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை நீர் கலந்த போவிடோன் அயோடினைத் தடவி, சுத்தமான துணியை மெத்தென மடித்துப் பாதத்தில் வைத்துக் கட்டலாம். கட்டு இறுகினால் விரல்கள் வீங்கும். ஆகையால் தினந்தோறும் அவிழ்த்துப் பார்ப்பது அவசியம். காய்ந்த வைக்கோல் பரப்பிய இடத்தில், பஞ்சாரத்தின் கீழ்க் கோழியைத் தனியே விடுவது நலம்.

ஒரு வாரத்தில் குணம் தெரியாவிட்டாலும், வீக்கம் விரல்களுக்கோ கணுவுக்கோ ஏறினாலும், கோழி இரை எடுக்காவிட்டாலும் தாமதியாமல் கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அம்மருந்து முட்டையிலும் இறங்கும். அந்த முட்டை நம் குழந்தைகளின் தட்டுக்கு வரும். எத்தனை நாள் முட்டையை விலக்க வேண்டும் என்பதை வைத்தியரே கூறுவார். கட்டு மாற்றும்போது கையுறை அணிவதும், பிறகு சோப்பிட்டுக் கை கழுவுவதும் நமக்கே பாதுகாப்பு.

இவ்வளவும் செய்து காலை ஆற்றிவிட்டு, அதே கூட்டுக்குள் அதே கோழியை விடுவோமானால் வியாதி மீண்டும் வரும். உயரமான பரணிலிருந்து கனத்த கோழி தினமும் குதிக்கிறது. ஒவ்வொரு குதிப்பும் பாதத்துக்கு ஓர் அடி. பரணைச் சுமார் இரண்டடி உயரத்துக்கு இறக்கி, உட்காரும் சட்டத்தின் விளிம்புகளை இழைத்து உருட்டிவிட வேண்டும். தரையில் உமியோ மரத்தூளோ மூன்று அங்குலம் பரப்பி, நனைந்ததை உடனே அள்ளிவிட வேண்டும். மழைக்காலத்தில் இதில் சோம்பல் கூடாது. கீரையும் பசும்புல்லும் கொடுப்பதால் வைட்டமின் ஏ சத்துச் சேர்ந்து தோல் உறுதிப்படும். தானியத்தை மட்டும் வாரி இறைத்துக் கோழியைக் கொழுக்க வைப்பதோ பாதத்தின் பாரத்தைத்தான் கூட்டும்.

நாலு கோழிகளின் முட்டையை விற்று நோட்டுப் புத்தகம் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே ஒரு கோழி முடமாவது சிறு நஷ்டமன்று. எனவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருட்டிய பின் கோழிகள் சாதுவாக இருக்கும். இன்றிரவே ஒரு கைவிளக்குடன் கூட்டருகே சென்று, ஒவ்வொன்றாய் எடுத்து, இரண்டு உள்ளங்கால்களையும் பார்த்துவிடுங்கள். மாதத்துக்கு இருமுறை இப்படிச் செய்துவந்தால், மேலே சொன்ன சிகிச்சைக்கே பெரும்பாலும் அவசியம் நேராது.