அயலான் பீப்பாயிற் கழிவு

‘தடையற்ற போட்டி’ என்னும் தொடரைப் பொருளியற் பாடத்திலே படிக்கும் மாணவர், 1872 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றையும் அறிந்திருத்தல் நன்று.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, 1870 இல் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனியை நிறுவியவர் யோன் றொக்பெல்லர். சிக்கனத்திலும் நிருவாகத்திலும் வல்லவர். பகைவரும் இதனை ஒப்புவர். அவர் புகையிரதக் கம்பனிகளோடு சேர்ந்து இரகசியமாக ஓர் உடன்படிக்கைக்கு இசைந்தார். தம் எண்ணெய்க்கு ஏற்றுகூலியிற் கழிவு பெறுவது புதுமையன்று. பெருந்தொகையாக அனுப்புவோர் எவரும் கேட்பதே. ஆனால், பிறர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர்கள் செலுத்துங் கூலியில் ஒரு பங்கும் இக்கூட்டத்தாருக்கே சேரும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது! எதிரி எவ்வளவுக்கு உழைக்கின்றானோ அவ்வளவுக்கு இவர்களுக்கு ஆதாயம். இதனைப் போட்டி என்பதா?

செய்தி கசிந்தது. எண்ணெய்க் கிணற்றுப் பகுதியார் கொதித்தெழவே, உடன்படிக்கை நடைமுறைக்கு வராமலே ஒழிந்தது. ஆயினும் அச்சமே போதியதாயிற்று. சில வாரங்களுள், அந்நகரின் போட்டி ஆலைகள் 26 இல் 22 அவர் கைக்கு வந்துவிட்டன.

மண்ணெண்ணெய் மலிந்ததே என்பர் சிலர். மலிந்தது மெய்தான். விளக்கேற்றிய இல்லத்தார் விலையைக் கண்டனரேயன்றி, ஆலைகள் கைமாறிய வகையைக் கண்டாரல்லர். அதனை 1902 முதல் கட்டுரைகளாக எழுதிக் காட்டியவர், எண்ணெய்ப் பகுதியிலே வளர்ந்த ஐடா ரார்பெல் அம்மையார். அவர் தந்தையாரும் அத்தொழிலிற் சிறு முதலாளியே.

1890 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1911 இல் உயர் நீதிமன்றம் அக்கம்பனியைக் கலைக்கக் கட்டளையிட்டது. அது 34 ஆகப் பிரிந்தது. பிரிந்தவற்றின் பங்குகள் விலையேற, றொக்பெல்லர் முன்னிலும் பெருஞ் செல்வரானார். அன்று அஞ்சிக் காசு பெற்று விலகிய ஆலைக்காரருக்கு அதில் ஒரு சதமும் இல்லை.