டெர்மினலைப் புடுங்கும் வித்தகர்கள்!

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கவில்லை. அதற்கப்புறம் கோயமுத்தூரில் நடக்கும் நாடகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாலு பேர் தள்ளிவிட்டு, வண்டி எப்படியோ பட்டறைக்குப் போய்ச் சேரும். அங்கே ஒருத்தர் இஞ்சினை ஓடவிட்டு, ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலைப் புடுங்குவார். இஞ்சின் நின்றால், "டைனமோ போச்சுங்க". நிற்காவிட்டால், "டைனமோ நல்லா இருக்குதுங்க, பேட்டரிதான் அவுட்டு". தீர்ப்பு முடிந்தது. வண்டிக்காரர் பர்ஸைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

இந்த 'டெஸ்ட்' ஒழிய வேண்டும். இன்றைக்கே.

முதலில், அது டைனமோவே இல்லை. டைனமோ பழைய அம்பாசடர், பியட் காலத்துச் சமாச்சாரம். இன்றைய கார்களில் இருப்பது ஆல்டர்னேட்டர். அது ஏ.சி. மின்சாரம் தயாரிக்கும், உள்ளே இருக்கும் டயோடுகள் அதை டி.சி. ஆக்கும், ரெகுலேட்டர் அதை 14 வோல்ட்டை ஒட்டிப் பிடித்து வைக்கும். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மும்முரமாகக் கரண்ட் தள்ளிக்கொண்டிருக்கும்போது டெர்மினலைப் புடுங்கினால், ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் சட்டென்று எகிறும். 12 வோல்ட் வண்டியில் அது நூறு வோல்ட் பக்கம்கூடப் போகலாம். 'லோடு டம்ப்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது. டயோடு, ரெகுலேட்டர், இஞ்சினை ஆளும் ஈ.சி.யூ. என எது வேண்டுமானாலும் போகலாம். நன்றாக இருந்த ஆல்டர்னேட்டரை 'செக்' பண்ணியே கொல்லலாம்!

"முப்பது வருஷமா இப்படித்தான் பாக்கறோம், ஒண்ணும் ஆகலீங்களே" என்பார்கள். உண்மைதான். அந்தக் கால வண்டியில் எரிந்துபோக எலக்ட்ரானிக்ஸே கிடையாது. கார்புரேட்டருக்கு வோல்டேஜ் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? இன்றைய வண்டியில் பெட்ரோல் தெளிப்பதே கம்ப்யூட்டர். அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் வண்டி மாறிவிட்டது.

அது போகட்டும், அந்த டெஸ்டால் உருப்படியாக எதுவும் தெரியுமா? தெரியாது. ஒரு டயோடு போன ஆல்டர்னேட்டரும் இஞ்சினை ஓட்டிவிடும், பேட்டரியை மட்டும் முழுசாக ஏற்றாது. அதை 'நல்லா இருக்குது' என்று சொல்லிப் புது பேட்டரி மாட்டினால், அதுவும் கொஞ்ச நாளில் படுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அளந்து பார்க்கும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர் கோவை. பொள்ளாச்சி, பல்லடம், அவிநாசி பக்கம் எந்தத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போனாலும் போர்டில் ஒரு வோல்ட்மீட்டர், ஒரு ஆம்பியர் மீட்டர் இருக்கும். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கூட முள்ளைப் பார்க்காமல் ஸ்டார்ட்டரில் கை வைக்க மாட்டார். வோல்டேஜ் கம்மியானால் காயில் கருகும், ரீவைண்டிங் செலவு தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். அதே வீட்டில் பல லட்ச ரூபாய் கார் நிற்கும். அதற்கு மட்டும் மீட்டர் வேண்டாம், ஸ்பேனர் போதுமாம்!

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு வயரை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்தால் போதும்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி ஃபுல். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. இஞ்சினை ஓடவிட்டதும் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதிக்க வேண்டும். அப்போதும் 13.5-க்குக் கீழே விழாமல் நின்றால் சார்ஜிங் சரி. இஞ்சின் ஓடியும் 12 சொச்சத்திலேயே கிடந்தால் பெல்ட், வயர், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம், பேட்டரித் தண்ணி கொதித்து வற்றும். பேட்டரி மைனஸில் சென்சார் உள்ள புது மாடல்களில், வண்டியே வோல்டேஜை ஏற்றி இறக்கும். அங்கே ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, ஸ்கேனரும் தேவைப்படும்.

அப்புறம் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு பேட்டரிப் படம். படம் பேட்டரி, செய்தி வேறு. ஓடும்போது அது எரிந்தால் பெரும்பாலும் 'சார்ஜ் ஆகவில்லை' என்று அர்த்தம், 'புது பேட்டரி வாங்கு' என்று அல்ல. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, புது பேட்டரியோடு ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ராத்திரி மழையில் ஏறுபவரை நினைத்துப் பாருங்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஹெட்லைட், வைப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்ந்து 20, 25 ஆம்பியர் இழுக்கும். 35 ஏ.எச். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. அதற்குள் வெளிச்சம் மங்கி, காட்டுக்கு நடுவில் வண்டி நிற்கும். பேட்டரி புதுசு என்பதால் என்ன பிரயோஜனம்?

சரி, ஏன் இது மாறவில்லை? கணக்குப் பாடம் படித்தவர்களுக்குச் சுலபமான கேள்வி. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை கெடும் என்று 1970-லேயே ஜார்ஜ் ஏகர்லாஃப் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே பழைய கார்தான். 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் மாற்றினால் கடைக்குக் கிடைப்பது கொஞ்சம், புது பேட்டரி விற்றால் கிடைப்பது அதிகம். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுபவர் இல்லை. நேர்மையானவர் மீட்டர் வைத்துத்தான் பார்ப்பார். ஆனால் கேள்வியே கேட்காத வாடிக்கையாளர் இருக்கும்வரை, மீட்டர் வைப்பவருக்கும் ஸ்பேனர் வைப்பவருக்கும் ஒரே கூலிதான்.

ஆகவே வண்டிக்காரர்களே, அடுத்த தடவை யாராவது ஸ்பேனரோடு டெர்மினல் பக்கம் வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பேட்டரிக்குக் காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மீட்டர்ல எத்தனைங்க காட்டுது?" பதில் எண்ணாக வரவில்லை என்றால், வேறு பட்டறை பாருங்கள் :-)